ஆட்டுக்கு எத்தனை கால்

நான்கு மணி நேரம் பேருந்து,
அப்புறம் ஒரு பால் வண்டியின் முன்னிருக்கை.
பாசோ ஓண்டோ பள்ளியில் பதினொரு பிள்ளைகள்.
வெள்ளை அங்கி, கழுத்தில் நீல நாடா முடிச்சு,
ஒவ்வொரு மடியிலும்
பச்சைக் காது முளைத்த ஒரு சின்னக் கணினி.

உருகுவேயின் வடக்கில் காற்றுக்கு வேலை அதிகம்.
ஆசிரியை நிபியா என்னை அறிமுகப்படுத்தும்போது
என் பெயரில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனது.
எச்செவெரி என்ற நான்
அந்த வாரம் முழுக்க வெறும் 'வெரி'.

வருமுன் பதினைந்து நாள் தேடியிருந்தேன்.
காசில்லாமல் கிடைக்கும், பூட்டில்லாமல் திறக்கும்
விளையாட்டுகள் நூற்றுக்கு மேல்.
ஒன்றில் துப்பாக்கி.
ஒன்று பின்லாந்து மொழியில் மட்டும் கோபித்துக்கொண்டது.
ஒன்று மிக அழகு, ஆனால் இந்தக் கணினிக்குள்
குருவிக்கூட்டில் யானை.
ஒன்றை எழுதியவர் பாதியில் விட்டுவிட்டு
நிரலின் தலையில் ஒரு வரி வைத்திருந்தார்:
'மகள் பிறந்துவிட்டாள். யாராவது முடித்துவிடுங்கள்.'
தேதி, ஒன்பது வருடம் பழசு.

அதை எடுத்தேன்.
அவருடைய தவளையை ஆடாக்கினேன்.
இந்தப் பக்கம் தவளையை யார் எண்ணுகிறார்கள்?

ஏழும் ஐந்தும் எவ்வளவு?
சரியென்றால் ஆடு வேலி தாண்டும், ஒரு நட்சத்திரம் தரும்.
தப்பென்றால் வேலியில் முட்டி
நாலு காலும் வானம் பார்க்க விழுந்து
'மேஏஏ' என்று கத்தும்.
அந்தக் குரல் என்னுடையது.
இரவு இரண்டு மணிக்கு, பக்கத்து வீடு விழித்துவிடாமல்
போர்வைக்குள் தலையை விட்டுப் பதிவு செய்தது.

பத்தே நிமிடம்.
பதினொரு பேருக்கும் கூட்டல் மறந்துபோனது.
ஏழும் ஐந்தும் நாற்பது. மே.
இரண்டும் இரண்டும் தொண்ணூற்றொன்பது. மே.
வகுப்பறை பட்டியாயிற்று.
நிபியா ஜன்னலைச் சாத்துவதுபோல் திரும்பிக்கொண்டாள்,
தோள் குலுங்கியது.

அன்றிரவே திருத்தினேன்.
சரியான விடைக்கு வாணவேடிக்கை.
தப்புக்கு மௌனம்.
என் தொண்டையை நானே அழித்தேன்.

மறுநாள்
எல்லாரும் சரியாகச் சொன்னார்கள்,
எல்லாரும் கொட்டாவி விட்டார்கள்.
'ஆடு செத்துப்போச்சா?' என்றான் எவாரிஸ்தோ,
ஆறு வயது, முன்பல் இல்லை.

கடைசி வரிசையில் இட்டாட்டி மட்டும் பேசவில்லை.
அந்த விசைப்பலகையில்
பற்சக்கரம் வரைந்த ஒரு விசை உண்டு,
அழுத்தினால் விளையாட்டின் வயிறு திறந்துகொள்ளும்.
அவள் அழுத்தியிருந்தாள்.
'கால் = 4. இதை யார் சொன்னது?'
'ஆடு' என்றேன்.
சுழியம் ஒன்றைச் சேர்த்தாள்.

ஆழம் தெரியாமல் காலை விட்டாள்,
அதுவும் முப்பத்தாறு கால் கூடுதலாக.
நாற்பது கால் செம்மறி
ஒரு அடி வைத்தது, திணறியது,
திரையோடு சேர்ந்து உறைந்தது.
இட்டாட்டியின் முகமும் உறைந்தது.
உடைத்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள்.

நான் வாயைத் திறப்பதற்குள்
எவாரிஸ்தோ கேட்டான்:
'அப்போ எத்தனை கால்தான் தாங்கும்?'

பதினொரு தலை ஒரே கணினிமேல்.
நாலில் நடக்கிறது, நாற்பதில் சாகிறது,
கூட்டினால் நாற்பத்துநாலு, பாதி இருபத்திரண்டு.
நடந்தது!
முப்பத்தொன்று, ('நொண்டுமே!') செத்தது.
இருபத்தாறு, செத்தது.
இருபத்துநாலு. இருபத்துமூன்று.
கரும்பலகை நிறையக் கூட்டலும் பாதியும்,
சாப்பாட்டு மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.
யாருக்கும் நட்சத்திரம் தர வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கத்தலைத் திரும்பச் சேர்த்தேன்.
நிபியா தன் குரலிலும் ஒன்று தந்தாள்,
என்னுடையதைவிட அசல்.

பால் வண்டியில் திரும்பும்போது
மடியில் நிரலைத் திறந்தேன்.
ஒன்பது வருடப் பழைய வரிக்குக் கீழே
எனக்குத் தெரியாமல் ஒரு புது வரி:

'இன்னும் முடியவில்லை.
இருபத்திரண்டு காலுக்கு மேல் வைக்காதீர்கள்.
பெரிய கணினி இருந்தால் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.
இட்டாட்டி, ஐந்தாம் வகுப்பு.'