முயல் காது முடிச்சு

நூற்று அறுபத்து நாலு படிகள்.
நான் எண்ணவில்லை, அவள் எண்ணினாள்.
இன்ஸ்பெக்டர் நூரியா வெனெகாஸ்,
கொலைப் பிரிவு, வால்பரைசோ துறைமுகம்.
வயது ஐம்பத்திரண்டு, முழங்காலில் தேய்மானம்.
திருப்பத்துக்குத் திருப்பம் நின்று
இருமிவிட்டு, விட்ட எண்ணிலிருந்து ஏறினாள்.
பின்னால் நான், கேமராவும் விளக்குமாய்.

தொண்ணூற்றொன்றில் கிடந்தாள் ஹெனோவேவா பிந்தோ.
மீன் வெட்டும் கொட்டகையில் வேலை.
நகக்கண்ணில் ஒரு செதில் இன்னும் மினுங்கியது.
கடலிலிருந்து ஏறிவந்த பனி
அவள் முடியில் சொட்டுச் சொட்டாய் நின்றது.
தெருநாய் ஒன்று எங்களைப் பார்த்துக்
கொட்டாவி விட்டது.

"வழுக்கி விழுந்திருக்கிறாள்" என்றான் சீருடைக்காரன்.
"ஈரம். இருட்டு. கொஞ்சம் வைன்.
இந்தக் குன்றில் மாதம் ஒன்று விழும்."
படிவம்கூட நிரப்பி வைத்திருந்தான்,
கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு.

நூரியா குனிந்தாள். குனியவே அரை நிமிடம்.
முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தைக்கூட அப்புறம்தான்.
"ஷூவைப் படம் எடு" என்றாள்.
எடுத்தேன். இன்னும் கிட்டே என்றாள், எடுத்தேன்.
பத்தொன்பது வருடமாய்ப் பிணங்களோடு இருக்கிறேன்,
எனக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்.

"இவள் கட்டிய முடிச்சில்லை இது.
எதிரே மண்டியிட்டு வேறு யாரோ.
இரண்டு காதையும் முதலில் செய்துகொண்டு
அப்புறம் பின்னியிருக்கிறது பார், முயல் காது.
வளர்ந்தவர்கள் இப்படிக் கட்டுவது அபூர்வம்."
பிறகு நெடுநேரம் பேச்சில்லை.
"மேலே இன்னொரு முடிச்சு வேறு.
அவிழ்ந்துவிடக் கூடாதாம்."

மஞ்சள் தகர வீட்டில்
நிபால்தோ தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தான்.
தூங்கிப்போனானாம், எப்போது போனாளோ தெரியாதாம்.
முன்கையில் கீறல். பூனை என்றான்.
பூனையும் இல்லை, பூனைக்கொரு கிண்ணமும் இல்லை.

உள்ளறையில் பையன், அமாரோ, எட்டு வயது.
அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.
கட்டில் ஓரம் உட்கார்ந்து
தன் ஷூ நாடாவைத் தானே இழுத்துவிட்டுக்
காலை நீட்டினாள்.
"குனிய முடியவில்லையப்பா, முழங்கால்."

இறங்கி வந்து மண்டியிட்டான்.
ஒரு காது. இன்னொரு காது.
குறுக்கே போட்டு, உள்ளே விட்டு, இறுக்கி,
மேலே இன்னொன்று.
தலையை நிமிர்த்தாமல் ஷூவிடம் சொன்னான்:
"அவர் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.
அம்மாவுக்கு வெறுங்கால். குளிருமே."

நான் படம் எடுக்கவில்லை.
எடுத்திருக்க வேண்டும். என் வேலை அது.

இரவு அலுவலகத்தில் அரசு வழக்கறிஞரின் தொலைபேசி.
கழுத்துத் தடம் விழுந்ததாலும் வரலாமாம்,
கீறல் எதையும் நிரூபிக்காதாம்,
வேறென்ன இருக்கிறது?
முடிச்சு இருக்கிறது.
எழுதினால், கண்ணாடி அறையில் அந்தப் பையன்,
ஒரே கேள்வி நாலு வாய்களிலிருந்து.
எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை நிபால்தோ வீடு திரும்புவான்,
பையன் இருக்கும் அதே வீட்டுக்கு.

இரண்டு விரலால் தட்டினாள்.
'மகன்' என்று அடித்தாள், அழித்தாள்,
எழுந்து போய் முகம் கழுவி வந்து
மறுபடி அடித்தாள்.

விடியும்போது என்னைக் கூப்பிட்டாள்.
நாடாவை அவிழ்க்காமலே
குதிகாலைத் திருகித் திருகி
ஷூவை உருவி எடுத்து மேசைமேல் வைத்தாள்.
"இப்போது எடு."
மூன்று கோணத்தில் எடுத்தேன். கை ஆடியதில் ஒன்று கெட்டது.

உறையில் போட்டு, எண் எழுதி, ஒட்டி,
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்
ஒரு காலில் ஷூ, ஒரு காலில் ஓட்டைக் காலுறை.
நடைவழி நீளத்துக்கும்
ஓர் அடி கேட்டது,
ஓர் அடி கேட்கவில்லை.