எழுதாத சோதனைக்கு ஒரு பெறுபேறு

கல்முனையில் துணிக்கடைக்கு மேல்மாடி
எங்கள் லண்டன் உயர்தர வகுப்பு.
கீழே சாரனுக்கு விலை பேசுவார்கள்,
மேலே சேதன இரசாயனம்.
தாய்மாரின் பவுணை அடகு வைத்து
பவுணில் கட்டணம் கட்டிய பிள்ளைகள்
பதினொரு பேர், ஒரு மின்விசிறி.

மார்கழிக்குள் படிவம் போக வேண்டும்.
பிள்ளை சோதனை எழுதுவதோ வைகாசியில்.
என்ன எடுப்பாள் என்று
இப்போதே நான் சொல்ல வேண்டும்.
அந்த நாட்டில் அப்படித்தான்.
ரீச்சர் கணித்ததை நம்பிக் கதவைப் பாதி திறப்பார்கள்,
ஆவணியில் மீதியைத் திறப்பார்கள்,
அல்லது சாத்துவார்கள்.

எனக்கு இது பழக்கமில்லை.
நான் படித்த காலத்தில்
சோதனை முடிந்த பிறகுதான் சோதனையே.
புள்ளியைத் தின்னும் நியம விலகல்,
அதையும் தின்னும் மாவட்டம்.
எங்கள் வீடு கோட்டைக்கல்லாறு.
தெற்கே கொஞ்சம் போனால் பெரியநீலாவணை,
அது அம்பாறை.
அந்த வருடம் மட்டக்களப்பின் வெட்டுப்புள்ளியில்
நாலாம் தசமத்தில் தடக்கி விழுந்தேன்.
அந்தப் பக்கம் வீடிருந்தால்
இன்று யாருடைய காய்ச்சலையோ
தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
தினமும் பஸ்ஸில் அந்த எல்லையைக் கடக்கிறேன்.
ஒரு பலகை, ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

ஷிஃப்னா மருதமுனை.
வாப்பாவுக்கு ஐஸ் லொறி.
ஏன் இந்தப் பாடம் பிடிக்கும் என்று
நாலாயிரம் எழுத்துக்குள் எழுதச் சொன்னது படிவம்.
(எங்களிடம் யாரும் அதைக் கேட்டதேயில்லை.)
உப்புத் தூவினால் ஐஸ் ஏன்
இன்னும் கூடக் குளிருது என்று தொடங்கியிருந்தாள்.
ஒரு எழுத்தும் நான் திருத்தவில்லை.

ஒத்திகைச் சோதனைகளில் அறுபத்தொன்று, எழுபது,
மறுகா அறுபத்தாறு.
"எல்லாருக்கும் நட்சத்திரம் போடுங்க ரீச்சர்,
நமக்கென்ன செலவா?" என்றார் டிரெக்டர்.
பி என்றது மனம்.
கைக்கு மட்டும் அந்த நாலாம் தசமம் ஞாபகம் வந்தது.
ஏ என்று அடித்தேன்.

ஆவணியில் அது பி.
இரண்டு புள்ளி குறைவு.
ஐந்து தெரிவில் இரண்டைப் பிடித்து
மூன்றை விட்டிருந்தாள்.
பிடித்த இரண்டும் என் ஏ-யைக் கேட்டன.
பொய் சொன்னது நான்,
பிடிபட்டது அவள்.

மீந்த இடங்களுக்கு ஆள் எடுக்கும் நாள் அங்கே அது.
சங்கக்கடை வரிசைதான்,
ரெலிபோனில் நிற்க வேண்டும்.
கீழ்க்கடையில் ரீலோட் வாங்கி வந்தேன்.
நாற்பது நிமிடம் ஒரு பியானோ கேட்டோம்,
ஐநூறு ரூபாய்ப் பியானோ,
மறுகா ஆயிரம் ரூபாய்.
டிரெக்டர் ஒன்றும் பேசாமல்
தன் போனையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

பிறகு ஒரு பெண்ணின் குரல்.
என்ன எடுத்தாய் என்றாள்,
ஷிஃப்னா சொன்னாள்.
தட்டச்சுச் சத்தம்.
இடம் இருக்கிறது என்றாள்.

மாவட்டம் கேட்பாள் என்று
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
கேட்கவேயில்லை.
இருபது வருடமாக நெஞ்சில் கிடந்த பலகையை
யாரோ பிடுங்கி எறிந்ததுபோல் இருந்தது
ஒரு நிமிடம்.

மறுகா கேட்டாள்:
உள்நாட்டுக் கட்டணமா,
வெளிநாட்டுக் கட்டணமா?

ஷிஃப்னா போனைக் கையால் பொத்திக்கொண்டு
ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.
கீழே லொறி நின்றது,
பின்கதவால் தண்ணீர் சொட்டிக்கொண்டு.
வாப்பா மேலே பார்த்து
"என்னவாம்?" என்று கையைக் காட்டினார்.

கையை எடுத்தாள்.
"வெளிநாடு" என்றாள்,
கல்முனையில் இருந்துகொண்டு.