இதர வகை

குளுவாங்கில் மழை பிடித்துக்கொண்ட வியாழக்கிழமை.
பில் கவுண்டர். என் எண் நாற்பத்தொன்று.
கண்ணாடித் துளை வழியாக ஒற்றைத் தாள் வந்தது:
அர்ஜுனன் த/பெ சின்னக்கண்ணு.
மொத்தம் பதினாலாயிரத்து இருநூற்று முப்பது வெள்ளி.
அதற்கு மேலே ஒன்றுமில்லை.
கீழே ஒரு கோடு, என் கையெழுத்துக்கு.

சேர்க்கும்போது சொன்னது எட்டாயிரத்து ஐந்நூறு.
சொன்னவர் நீலச் சட்டை போட்டிருந்தார்.
இன்று அவருக்கு லீவாம்.
சொன்ன சொல்லுக்கும்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள்.
நாங்கள் காத்திருந்தோம்,
பித்தப்பைக் கல் காத்திருக்கவில்லை.

"கட்டிடு தமயந்தி, போயிடலாம்,"
சக்கர நாற்காலியில் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார்.
"எல்லாரும் பாக்குறாங்க."

பார்க்கட்டும்.
இருபத்திரண்டு வருஷமாக நான்
செம்பனை ஆலையின் தராசு மேடைக் கிராணி.
லோரி ஏறும்போது ஒரு கனம்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு கனம்,
கழித்தால்தான் சரக்கு.
கழித்துப் பார்க்காத கணக்கில்
கையெழுத்துப் போட்டதில்லை.
(அப்படித்தான் நினைத்திருந்தேன்.)

"வரி வரியாகப் பிரிச்சுக் கொடுங்க."
கவுண்டரில் இருந்த ரொஹாய்டா நிமிர்ந்து பார்த்தாள்.
"லம்பாட்லா, காக்."
நேரமாகட்டும்.

சுவரில் சட்டம் போட்ட தாள் ஒன்று.
அதன் முன்னால் பிளாஸ்டிக் மணிபிளான்ட்,
தண்ணீர் ஊற்றாமலே தழைத்து
மூன்றாம் வரியை மூடியிருந்தது.
தொட்டியை முழங்காலால் தள்ளினேன்.
செலவை முன்கூட்டியே கேட்டறிய நோயாளிக்கு உரிமை உண்டு.
அடுத்த வரியில், பில்லைப் பிரித்துக் கேட்கவும்.

நாற்பது நிமிஷம் கழித்து
ஆறு பக்கம், அச்சுச் சூடு ஆறாமல்.

கையுறை, தொண்ணூற்றாறு ஜோடி.
இரண்டே ராத்திரி படுத்த மனுஷனை
இத்தனை கையா தொட்டது?

வேறொரு டாக்டர். பெயரே புதுசு.
ஆலோசனை, அறுநூறு.
வீட்டுக்காரரைக் கேட்டேன்.
"யாரோ ஒருத்தர் கதவுல நின்னு ஓகேயான்னாரு.
நானும் ஓகேன்னேன்."

கடைசிப் பக்கத்தில்
இதர வகை: ஆயிரத்து நூற்று நாற்பது.

"இதரன்னா?"
ரொஹாய்டா ஒரு போன் போட்டாள்.
அந்தப் போன் இன்னொரு போனுக்குப் போனது.
மாடியிலிருந்து டை கட்டியவர் இறங்கி வந்தார்.
"சிஸ்டத்துல அப்படித்தான் வரும்."
"சிஸ்டத்தை வரச்சொல்லுங்க, பேசுறேன்."
எனக்குப் பின்னால் நின்ற சீனக் கிழவர் சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
தன் பையிலிருந்த பில்லை விரித்துப் பார்த்தார்.

இதர அடிபட்டது.
கையுறை பாதியாகி, நூற்று நாற்பத்து நாலு வெள்ளி குறைந்தது.
கதவில் நின்ற டாக்டர் மட்டும் அசையவில்லை;
புகார் எழுத ஒரு பாரம் தந்தார்கள், மூன்று பிரதி.
மீதி பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு,
மூன்று தவணை.
என் வளையல் முதல் தவணை.

காரில் அவர் கேட்டார்,
"ஓகேன்னு சொல்லாம, தலைய மட்டும் ஆட்டியிருந்தா
முந்நூறு ஆயிருக்குமோ?"
சிரித்தார். தையல் இழுத்தது. நிறுத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை, தராசு மேடை.
குத்தகை லோரியில் வந்த நேப்பாளப் பையன் திலக்
சீட்டை ஜன்னலில் வைத்து விரலால் தொட்டான்.
கழிவு, இதர: நூற்றெண்பது கிலோ.
"காக், இது என்ன?"

எழுத்து என்னுடையது.
கோணலான அந்த 'இ'யும் என்னுடையது.
மேலே இருந்து சொன்னார்கள், எழுதினேன்,
எத்தனை ஆயிரம் சீட்டு.
இதுவரை யாரும் விரல் வைத்ததில்லை.

பின்னால் லோரிகள் ஹாரன் அடித்தன.
பேனா மூடியைக் கழற்றினேன்.
காய்க் குலை, நாற்பது.
நீளக் காம்பு, இருபத்தைந்து.
மழை ஈரம், எவ்வளவு இழுத்தாலும் நாற்பத்தைந்து.

கூட்டினேன். திரும்பவும் கூட்டினேன்.
நூற்றுப்பத்துக்கு மேல் போகவில்லை.

மீதி எழுபது கிலோ
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்
ஜன்னல் பலகையில் கிடந்தது.