வெட்டுக்கூலி

பிரிஸ்டலில், ஈஸ்டன் பக்கம், ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடி.
இசைத்தட்டு வெட்டுவது என் தொழில்.
தட்டு சுற்றும். நீலக்கல் ஊசி இறங்கும்.
சுருள் சுருளாய் எழும் கறுப்பு மயிரைக்
குழாய் உறிஞ்சிக்கொள்ளும்.
பாட்டைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது,
பள்ளத்தைப் பற்றி உண்டு.

எவரல் பின்னக் முதலில் வந்தது ஒரு வியாழக்கிழமை,
ரொட்டி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து,
புருவமெல்லாம் மாவு.
ஒரு கேசட். எண்ணி வைத்த சில்லறை.
சில்லறையிலும் ஈஸ்ட் வாடை.
"சனிக்கிழமை ராத்திரிக்கு வேணும். ஒரே ஒரு பிரதி."

யாரோ ஒருத்தியின் காதல் பாட்டு,
நாலு நிமிஷப் புலம்பல்.
இவன் அவளை வெளியே அனுப்பிவிட்டு
மூச்சை மட்டும் உள்ளே வைத்திருந்தான்,
அடுத்த வரிக்கு முன்னால் இழுக்கிற மூச்சு.
அதற்கடியில் பேஸ்.
மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்:
பள்ளம் பக்கத்துப் பள்ளத்தின் சுவரை
இடித்துக்கொண்டிருந்தது.

"பேஸைக் குறை. ஊசி துள்ளும்."
"துள்ளட்டும்."
"தட்டு பாழாப் போகும்."
"பத்து தடவை ஓடினால் போதும், தெல்மா.
பதினொன்றாவதுக்குள் வேற பாட்டு வந்துடும்."

கிடங்குக் கதையை நான் பார்க்கவில்லை, கேள்விதான்.
ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து
எல்லாம் அணைந்த இருட்டில்
முந்நூறு பேர் தாளத்தைக் கீழே விடாமல்
காலால் மிதித்துக்கொண்டே இருந்தார்களாம்,
யாரோ ஒருவன் தன் வேனிலிருந்து
டீசல் உறிஞ்சி வந்து ஊற்றும்வரை.
அன்றிலிருந்து அவன் தட்டு எதிலும்
ஓரிடத்தில் ஒரே ஒரு அடி வெறுமையாக இருக்கும்.
அங்கே பள்ளம் நெளியாமல் போகும்.
எனக்குப் பிடித்த இடம். அவனிடம் சொன்னதில்லை.

வெள்ளை லேபிள். பெயர் கிடையாது, ரப்பர் முத்திரை.
கார் டிக்கியில் வைத்து விற்றான்.
பிறகு கம்பெனிக்காரர்கள் ஒரு பாட்டைக் கொடுத்து
"உடைத்துத் தா" என்றார்கள்.
உடைத்தான். உடைந்தது விற்றது,
முழுசு கிடங்கில் கிடந்தது.
"எதுக்கு உடைக்கணும்? நீயே கட்டு" என்றார்கள்.
உறையில் அவன் பெயர்
முதலில் எறும்பு அளவு, அடைப்புக்குறிக்குள்.
பிறகு அடைப்புக்குறி உதிர்ந்தது.
பிறகு பாடினவளுக்குப் பக்கத்திலேயே,
அவள் எழுத்தின் உயரத்தில்.

மழை நாள் ஒன்றில்
டாக்ஸியை நிற்கச் சொல்லிவிட்டு மாடியேறி வந்தான்.
புருவத்தில் மாவு இல்லை.
முப்பது விநாடிக்குள் பல்லவி வந்துவிடுகிற பாட்டு.
"தெல்மா, பேஸைக் கொஞ்சம் குறைக்கலாமா?
சமையலறை ரேடியோவில் கரகரக்குதாம்."
குமிழைத் திருப்பினேன்.
அவ்வளவு லேசாக அது திரும்பியதே இல்லை.
ஆறு வருஷமாய் நான் கேட்டதுதான்.
ஏன் சந்தோஷம் வரவில்லை என்று
இன்னும் தெரியவில்லை.
அவசரத்தில் வெட்டுக்கூலியை மறந்து போனான்,
பதினெட்டு பவுண்டு.

விலைபோய்விட்டான் என்கிறார்கள் கிடங்குக்காரர்கள்.
ரொட்டி ஆலையில் அவனுக்கு அடுத்து நின்றவன்
இன்னும் அதே இடத்தில் நிற்கிறான்,
அவனிடம் போய்ச் சொல்லுங்கள்.

பிப்ரவரி. சூப்பர்மார்க்கெட். உறைந்த பட்டாணி வரிசை.
கூரையில் தகர டப்பா அளவு ஒலிபெருக்கி.
அவன் பாட்டு.
பேஸின் நிழல்கூட அதில் இல்லை.
தள்ளுவண்டிக்காரி ஒருத்தி கூடவே முணுமுணுக்கிறாள்,
வார்த்தை எல்லாம் அவளுக்குத் தெரிகிறது.
இரண்டாம் பல்லவிக்கு முன்னால்
சட்டென்று எல்லாம் நின்றது.
ஒரு அடி.
ஃப்ரீசரின் உறுமல் மட்டும்.
அந்த இடைவெளியில் அவள் செருப்பு
தரையை ஒருமுறை மிதித்தது,
அவளைக் கேட்காமலே.

விரல் மரத்துப்போகும் வரை
பட்டாணிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.