நாற்பத்தேழாம் எண் கோட்டு

புடாபெஸ்ட் ஸ்டூடியோவின் உடை அறையில்
அந்தக் கோட்டுக்கு எண் நாற்பத்தேழு.
பதிவேட்டில் எழுதியது நான்தான்:
"ரோமா இனத்தான், திருடன், குளிர்காலம்."
இடப்பக்கப் பையைக் கிழித்ததும் நான்.
கழுத்துப்பட்டையில் தேநீர் ஊற்றிக்
காயவைத்து அழுக்காக்கியதும் நான்.

பத்தொன்பது வருடம் எலெமேர் அதை அணிந்தார்.
டிராமில் பணப்பை அடித்தார்,
சந்தையில் கோழி,
ஒருமுறை தேவாலயத்து வெள்ளித் தட்டு.
வசனம் பெரும்பாலும் ஒன்றுதான்:
"நான் இல்லீங்க ஐயா."
அதைப் பதினோரு விதமாகச் சொல்லத் தெரிந்தவர்.
யாரும் நம்பாதிருக்கவே எழுதப்பட்ட வசனம் அது.

இந்த மார்ச்சில் போக்லார்கா என்றொரு பெண்
புதுக் கதை கொண்டுவந்தாள்.
மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து
எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார் எலெமேர்.
டிராம் பணிமனையில் வேலை பார்ப்பவன்.
சதுரங்கத்தில் அழுகுணி.
இரண்டு பேரிக்காய்க்குப் பத்து நிமிடம் பேரம்.
பல் டாக்டரென்றால் தொடை நடுங்கும்.

நாற்பதாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.
"திருட்டு எப்ப வருது?"
"வராது."
"கடைசியிலயாவது?"
"கடைசியில பல்லைப் பிடுங்குவாங்க."
அவர் சிரிக்கவில்லை.
"அப்ப ரொம்ப நல்லவனா?
யாரையாவது தீயிலேர்ந்து காப்பாத்திட்டுச் சாவேனா?"
"அதுவும் இல்ல."

பழக்கதோஷத்தில் நாற்பத்தேழை எடுத்து வந்திருந்தேன்.
உள்பையில் ஏதோ தட்டுப்பட்டது.
ஒரு பணப்பை. எந்தப் படத்தினுடையதோ.
உள்ளே நோட்டளவுக்கு வெட்டிய செய்தித்தாள்.
எலெமேர் அதை விரித்து, திருப்பிப் பார்த்தார்.
"இதுக்கா
என்னை இத்தனை தடவை அடிச்சாங்க?"

மிஷ்கோல்ட்ஸில் முதல் காட்சி.
திரையில் பல் டாக்டரின் நீள பெஞ்சு;
எலெமேர் வந்து ஓரமாய் உட்காருகிறார்.
எனக்கு முன்வரிசையில் ஒரு பெண்
மடியிலிருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.
பக்கத்து இருக்கை காலி.
திரையைப் பார்த்துத்தான், திரையைப் பார்த்து!

உள்ளே துளைப்பான் சத்தம்.
கன்னத்தைப் பிடித்தபடி மெல்ல எழுந்து
வாசல் பக்கம் நழுவுகிறார் எலெமேர்.
நர்ஸ் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறாள்.
முன்வரிசைக்காரியின் கை
பையை விட்டுத்
தன் கன்னத்துக்குப் போயிற்று.
அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

திரும்பி வந்ததும் பையைத் தைத்தேன்.
பதிவேட்டில் இரண்டு சொல்லை அடித்துவிட்டு
குளிர்காலத்தை மட்டும் விட்டுவைத்தேன்.
வியாழக்கிழமை வேறொரு கம்பெனி
நாற்பத்தேழைக் கேட்டு ஆளனுப்புகிறது.
கிழிசல் எங்கே என்பார்கள்.