ஐந்தாவது வட்டம்

பொதட்டூர்பேட்டையில் ரெண்டாம் வகுப்பு
தறிச் சத்தத்துக்கு மேல்தான் நடக்கும்.
கரண்ட் போனால்
என் குரல் எனக்கே அதட்டலாய்க் கேட்கும்.

இன்றைக்குக் கரடிக் கதை.
எல்லாரும் சந்தைக்குப் போகிறார்கள்
(நகரிச் சந்தை என்று நான் மாற்றிக்கொண்டேன்)
குட்டி தூங்கட்டும் என்று விட்டுவிட்டு.
கரும்போடு திரும்பி வருகிறார்கள்.
'குட்டிக் கரடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.'
அவ்வளவுதான் புத்தகத்தில்.
மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும்.
அதற்காக ஓர் அட்டை, நான்கு வட்ட முகம்:
சந்தோஷம், வருத்தம், கோபம், பயம்.

"குட்டிக்கு எப்படி இருந்திருக்கும்?"

"தூக்கம் டீச்சர்" என்றான் தேஜேஷ்.
அவன் அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட்.
அந்த வீட்டில் சுவர்ப் பக்கம் திரும்புவதற்கு
வேறு அர்த்தம் கிடையாது.

"வருத்தம்" என்றது முன்வரிசை.
"வருத்தம்" என்றது அதற்குப் பின்வரிசை.
எப்படித் தெரியும்?
"வருத்தம்னா நீங்க தலையாட்டுவீங்க."

ஜன்னலோரத்து முனிலதா,
வீட்டில் தெலுங்கு, இங்கே முக்கால்வாசி மௌனம்,
எழுந்து வந்து படத்தில் விரல் வைத்தாள்.
முகமே இல்லாத படம் அது.
முதுகு, பின்மண்டை, ஒரு காது.
"காது வாசப்பக்கம் இருக்குது."

மூன்று வருஷமாய் நடத்துகிறேன் இந்தப் பாடத்தை.
பார்த்ததில்லை.

"அலிகிந்தி டீச்சர்."

கோபமா? இல்லை.
வருத்தமா? அதுவும் கொஞ்சம்.
"சோறு வேணாம்னு சொல்லும்.
ஆனா வேணாம்னா உட்டுட்டுப் போயிடக் கூடாது.
ரெண்டு வாட்டி கூப்புடணும்."
"மூணு வாட்டி" என்றான் தேஜேஷ்
முழுசாய் விழித்துக்கொண்டு.

ஊடல் என்று வாய்வரைக்கும் வந்தது.
அதற்கு இவர்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.
பிணக்கு என்றாலோ
வரப்புத் தகராறுபோல ஒலிக்கிறது.
அலக என்றே எழுதினேன், தமிழ் எழுத்தில்.
பக்கத்தில் ஐந்தாவது வட்டம் போட்டேன்,
கண் இல்லை, மூக்கு வாய் இல்லை,
ஓரத்தில் ஒரே ஒரு காது.

சாக்பீஸை வைக்கத் திரும்பினால்
மேசைமேல் என் போன்.
நேற்று ராத்திரியிலிருந்து
கவிழ்ந்தே கிடக்கிறது.
சத்தத்தை மட்டும் நான் குறைக்கவில்லை.

"அப்புறம் குட்டியக் கூப்புட்டாங்களா டீச்சர்?"

புரட்டிப் பார்த்தேன்.
அடுத்த பக்கத்தில் மழைப் பாட்டு, தவளை, குடை.
"நீ என்ன நினைக்கிற?"
கேட்கும்போதே தெருக்கோடியில் ஒரு தறி நின்றது,
பிறகு எல்லாத் தறியும்.
அந்த அமைதியில் என் கேள்வி
அதட்டலாய் இல்லை,
யாரிடமோ எதையோ கெஞ்சுவதுபோல் இருந்தது.

முனிலதா போனைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பாவாடை ஓரத்தை ஒருமுறை முறுக்கிவிட்டு

"கரும்பு தீர்றதுக்குள்ள" என்றாள்.