தொங்வா வாய்தா

தொங்வாவுக்கு வழி கேட்டால்
உளுந்து லாரிகள் போகிற திசை பார்த்து
அதற்கு எதிர்ப்பக்கமாக வாருங்கள்.
ஆறு தாண்டினால் வயல்,
வயல் தாண்டினால் மறுபடியும் வயல்.
மேடு என்று இங்கே சொல்லத்தக்கவை
வரப்பும், பகோடாவும்,
கோர்ட்டு நிற்கும் திட்டும்தான்.

ஆடி வெள்ளத்தில் மாடுகள் அந்தத் திட்டில் ஏறிக்கொள்ளும்.
ஒருமுறை நீதிபதி படகில் வந்து இறங்கி
மாடுகளை அப்புறப்படுத்த உத்தரவு போட்டார்.
நிறைவேற்ற ஆள் இல்லை.
மாடுகளோடேயே அன்று விசாரணை.

தேக்குத் தூண்கள், தகரக் கூரை.
மழை வலுத்தால்
சாட்சி சொல்வது சாட்சிக்கே கேட்காது.
வாசலில் தூங்குமூஞ்சி மரம்,
அதன் அடியில் நான், என் தட்டச்சு யந்திரம்,
மனு ஒன்றுக்கு இரண்டாயிரம் கியாட்.
பர்மிய எழுத்தெல்லாம் வட்டம்.
என் யந்திரத்தில் ஒரு வட்டம் உடைந்து
பிறையாக விழும்.
முப்பது வருஷமாக
இந்த வட்டாரத்தின் குறைகளெல்லாம்
ஒரு பிறையோடுதான் உள்ளே போகின்றன.

நேற்று கோமளவல்லி வழக்கு.
ஆறு ஏக்கர் உளுந்து நிலம்.
ஏழாம் நம்பர் படிவத்தில் உடையவர் ஊ தின் மவுங்.
அவள் அடையாள அட்டையில் தகப்பன் வையாபுரி.
இருவரும் ஒரே ஆள்தான், நிரூபி என்கிறது கோர்ட்டு.
ஆள் போன மாசியிலேயே எரிந்தாயிற்று.

டவாலி வராந்தாவில் நின்று
முறைப்படி மும்முறை கூப்பிட்டான்,
ஊ தின் மவுங்.
பிறகு நாக்குப் புரளாமல்
வயபூரி, வயபூரி, வயபூரி.
செத்தவரைக் கூப்பிடக் கூடாதென்று
சட்டத்தில் எங்கேயும் இல்லை.
கோமளவல்லி எழுந்து சொன்னாள்:
"பாத்தீங்களா ஐயா,
ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வரல்லை."

அடுத்த வயல்காரி டோ ஓன் சி
வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்தாள்.
"நாற்பது அறுப்பு அவனோடு அறுத்தேன்.
கூலி கேட்டது பர்மியில்,
மாட்டை வைதது பர்மியில்.
ஒருநாள் கட்டுக்குள் கை விட்டான்.
பூரான்.
அப்போது கத்தியதுதான் எனக்குப் புரியவில்லை."
என்ன கத்தினான் என்றார் நீதிபதி.
கிழவி கண்ணை மூடி
அந்த நாளிலிருந்து அதை இழுத்துக் கொண்டுவந்தாள்:
"அய்யோ... அம்மாடீ."

நீதிபதி எழுத்தரைப் பார்த்தார்.
எழுத்தர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார்.
இதை எப்படி எழுதுவது?
பர்மிய எழுத்தில் கூட்டி, அடித்து,
ஜன்னல் வழியாகவே நீட்டினேன்.
அதிலும் ஒரு பிறை.

வாய்தா போட்டார்கள்,
உளுந்து அறுப்பு முடிந்த பிறகு.
அறுப்பது யார் என்று உத்தரவில் இல்லை.

கோமளவல்லி இரண்டாயிரம் நீட்டினாள்.
ஒரே ஒரு வார்த்தைக்கு மனுக் கூலியா,
வேண்டாம் என்றேன்.
அவள் படி இறங்குமுன் கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன்.
ரிப்பன் விலை ஏறிவிட்டது.